கொடை நோட்டீஸில் தலைவர் பெயரை எங்கே போடுவது?

கன்னடியன்கால் பையன்:

அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். வைகாசி கடைசிச் செவ்வாய் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சேரன்மகாதேவி பக்கம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரியை 2,000 ஆக்கியும் கணக்கு இடிக்கிறது. வில்லுப்பாட்டுக்காரர்களும் நையாண்டி மேளமும் போன வருஷத்து ரேட்டுக்கு வரமாட்டோம் என்கிறார்கள். இந்த நேரம் பார்த்து ஊராட்சித் தலைவர் ஆள் அனுப்பி, வில்லுப்பாட்டுச் செலவு முழுக்கத் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். பதிலுக்கு, நோட்டீஸில் அம்மன் படத்துக்குக் கீழே முதல் பெயர். அப்புறம் நடுராத்திரிப் பூஜையான சாமக்கொடைக்கு முன்னால் மேடையில் பொன்னாடை.

ஆள் மோசம் என்று சொல்லமாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரைத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் ஆச்சியைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் கொண்டு வந்து இறக்கியவர் அவர்தான். ஆச்சி வழியெல்லாம் 'என் வெத்தலைப் பெட்டி, என் வெத்தலைப் பெட்டி' என்று கத்த, திரும்பிப் போய் அதையும் எடுத்து வந்தார். கல்யாண வீடு, சடங்கு வீடு, துட்டி (சாவு) வீடு எதுவானாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் 2021 அக்டோபரில் ஜெயித்தவர். ஐந்து வருஷம் முடியப்போகிறது. அதுதான் உறுத்துகிறது.

கமிட்டியில் பாதிப்பேர் 'வருகிற லட்சுமியை ஏம்லே விரட்டுதே' என்கிறார்கள். பெரியப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

முன்னாள் வார்டு உறுப்பினர்:

தம்பி, தலைவருக்கு மாத மதிப்பூதியம் 2,000 ரூபாய். உங்கள் தலைக்கட்டு வரியும் அவர் ஒரு மாதச் சம்பளமும் ஒன்றுதான். ஊராட்சிப் பணத்தைக் கொடைக்குத் தொட முடியாது. சித்திரை தொடங்கி ஆவணி வரைக்கும் அவர் எல்லைக்குள் எத்தனை கொடை என்று எண்ணிப் பாருங்கள். பணம் வாழைத்தார் விற்று வந்ததா, ரோடு போட்டவர் கொடுத்ததா என்று டீக்கடையில் பேசத்தான் செய்வார்கள்.

எனக்கும் இந்த வினை இருந்தது. அம்மனுக்கு 5,001 எழுதினால், அடுத்த தெருக்காரன் 'எங்க மாடன் என்ன இளைச்சவனா?' என்று வந்து நிற்பான். வீட்டுக்காரியின் வளையல் அடகுக்குப் போனது. திருப்பி முடிக்கும்போது எனக்குப் பதவி இல்லை.

பணம் தந்தால் நன்கொடை நோட்டில் எழுதி வாங்குங்கள், வந்த வரிசையில் பெயர் வரட்டும். அவரிடம் கேட்க வேண்டியது வேறு இருக்கிறது. கோயில் தெருவில் எரியாத விளக்கு, இரண்டு நாளைக்குக் கூடுதல் தண்ணீர், மறுநாள் காலையில் எச்சில் இலை அள்ள ஆள். இதெல்லாம் ஊராட்சி வேலை. தைரியமாகக் கேட்கலாம்.

மானூர்ப் பக்கத்து மருமகள்:

எங்கள் ஊர்த் தலைவரும் இதே ரகம்தான். மாமனார் தவறியபோது பாடைக்கு மூங்கில் வருவதற்குள் அவர் வந்துவிட்டார். பதினாறாம் நாளுக்குள் இறப்புச் சான்றிதழைக் கையில் கொடுத்தார். அதை மறக்கமாட்டேன்.

ஆனால் மே 1 கிராமசபையில், குளத்து மடையை அடைத்துக்கொண்டிருக்கிற சீமைக்கருவேலத்தை எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டேன். 'அது பொதுப்பணித்துறைக் குளம்மா' என்று மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். எங்கள் குளத்துக்கு ஆயக்கட்டு, அதாவது தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கர்கூடக் கிடையாது. அப்படியானால் அது ஊராட்சி ஒன்றியத்துக் குளம். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் வீட்டுக்காரர் இதைச் சொன்னார், அங்கேயே சொல்லியிருக்கலாம். எங்கள் மக்கள்தொகைக்கு 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். நூறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்தது நாங்கள் ஏழெட்டுப் பேர். கொடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது விசிலடித்த பையன்களில் ஒருவரைக்கூட அங்கே பார்க்கவில்லை.

துபாய் மாடசாமி பக்தன்:

நோட்டீஸ் கிடக்கட்டும் மக்கா, ஃப்ளெக்ஸ் யார் அடிக்கிறது என்று முதலில் கேளு.

கன்னடியன்கால் பையன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கூடிப் பேசினோம். வார்டு உறுப்பினர் அண்ணாச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். பெரியப்பா வாயைத் திறந்து, 'வில்லுப்பாட்டுக்குக் குறையுற ரூவாயை நான் போடுதேன், அவனை லைட்டு போடச் சொல்லு' என்றார். தலைவர் வீட்டுக்கு நானும் இன்னொருத்தனும் போனோம். கோபப்படவில்லை. சிரித்தார், காப்பி கொடுத்தார். நோட்டில் 5,001 எழுதினார். தெருவிளக்குக்கு இன்று காலை ஆள் வந்து ஆறு பல்பு மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். எச்சில் இலைக்கும் சரி என்றார். சாமக்கொடைக்கு வருவார், எல்லோரையும் போலத் திருநீறு வாங்கிக்கொள்வார்.

துபாய் அண்ணாச்சி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இப்போதுதான் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி வந்தேன். அவருடைய ஆட்கள் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். கைகூப்பி நிற்கிறார். அம்மன் வலதுபக்க மூலையில், பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு இருக்கிறாள்.