பானை வார்த்தே டார்பி கம்பெனி எப்படி அவ்ளோ பெருசாச்சு?

கிரீன்சேண்ட்_பையன்:
டிப்ளமோ மெட்டலர்ஜி ரெண்டாவது வருஷம். இங்கிலாந்து கோல்புரூக்டேல் கம்பெனி பத்தி சார் ஒரே வரில முடிச்சிட்டாரு, 1709, ஆபிரகாம் டார்பி, மரக்கரிக்கு பதிலா கோக் (நிலக்கரிய காத்து படாம சுட்டு எடுக்குற எரிபொருள்) போட்டு இரும்பு உருக்குனாரு, அவ்ளோதான். ஆனா அதுக்கப்புறமும் நாப்பது வருஷம் மத்த ஃபர்னஸ்காரங்க (இரும்பு உலை வச்சிருந்தவங்க) பெருசா மாறவே இல்லயாமே? கோக் நல்லதுன்னா ஏன் மாறல, இவரு மட்டும் எப்படி தாக்குப்பிடிச்சாரு?

குபோலா_மாமா:
தம்பி, அவரை இரும்பு உருக்குறவரா பாக்காதீங்க, பாத்திரக்காரரா பாருங்க. பிரிஸ்டல்ல பித்தளை தொழில் பண்ணவரு. மணல்ல இரும்புப் பானை வார்க்க 1707லயே பேட்டன்ட் வாங்கிட்டாரு, ஃபர்னஸ் அப்புறம்தான், அதுவும் ஷ்ராப்ஷையர்ல சும்மா கெடந்த பழைய ஃபர்னஸ குத்தகைக்கு எடுத்து சரிபண்ணது. களிமண் அச்சுன்னா ஒவ்வொரு பானைக்கும் புதுசா பூசி காயவைக்கணும், மணல்ல ஒரே பேட்டர்ன (பானை வடிவ மாதிரி) வச்சு இடிச்சு இடிச்சு எடுத்துக்கிட்டே போலாம்.

இப்ப கோக்குக்கு வாங்க. கோக் போட்டா இரும்புல சிலிக்கான் ஏறும், மெல்லிசா வார்த்தாலும் வெள்ளை (கல்லு மாதிரி கெட்டியா, சட்டுன்னு உடையுற வெள்ளை இரும்பு) விழாம கிரே அயர்னாவே (சாம்பல் நிற இரும்பு) உறையும். பானைக்கு அது வரம். ஆனா அடிச்சு கம்பியாக்குற பட்டறைக்காரனுக்கு அதே சிலிக்கான் தலைவலி, அதான் அவங்க மாறல. அந்த ஊரு நிலக்கரில கந்தகம் வேற கம்மி, அது அவரு அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்.

சில்_விழுந்தவன்:
மாமா சொல்றது நூத்துக்கு நூறு. நான் முன்ன இருந்த ஒரு சின்ன பவுண்டரில நைட் ஷிஃப்ட்ல லேடில்ல (உருகுன இரும்ப ஊத்துற வாளி) ஃபெரோ சிலிக்கான் (சிலிக்கான் கலந்த இரும்பு) போட மறந்துட்டு ஊத்திட்டாங்க, பம்ப் கவர், ஓரம் மெல்லிசு. காலைல ஒண்ண உடைச்சு பாத்தா ஓரம் பூரா வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு, மெஷின் ஷாப்ல டூல் மேல டூலா போச்சு, மொத்த லாட்டும் திரும்ப ஃபர்னஸுக்கே. சிலிக்கான்னா என்னனு அன்னைக்குதான் புரிஞ்சுது, காலேஜ்ல இல்ல 😅

பழைய_இரும்பு:
அப்புறம் வளந்த கதை. டார்பி 1717லயே செத்துட்டாரு, 40 வயசு கூட ஆகல. பானை வியாபாரம் நிக்கல, கூடவே நியூகோமன் நீராவி எஞ்சினுக்கு சிலிண்டர், அதுவரை பித்தளைல செஞ்சத இவங்க இரும்புல சல்லிசா வார்த்துக் குடுத்தாங்க. 1767ல தண்டவாளம். பேரன் மூணாம் டார்பி காலத்துல செவர்ன் ஆத்து மேல 1779ல வார்ப்பிரும்புப் பாலம், கிட்டத்தட்ட 378 டன், 100 அடி இடைவெளி. செலவு எகிறி அந்த ஆளு கடனாளியா ஆனதுதான் மிச்சம். பாலத்துல எனக்குப் பிடிச்சது ஜாயின்ட்டுங்க, தச்சர் கதவு நிலைக்கு கூர் வச்சு ஆப்பு அடிக்கிற மாதிரியே இரும்புலயும் பண்ணிருக்காங்க, ஏன்னா அவங்களுக்குத் தெரிஞ்ச ஜாயின்ட் அதான்.

கிரீன்சேண்ட்_பையன்:
செம. கம்பெனி இப்பவும் இருக்கா?

பழைய_இரும்பு:
ஆகா (AGA)ங்கிற பிராண்டு சமையல் அடுப்புக்கு பாகம் வார்த்துட்டிருந்தாங்க, 2017ல அந்த பவுண்டரியையும் மூடிட்டாங்க. பழைய ஃபர்னஸ் மட்டும் மியூசியத்துல இருக்கு.

குபோலா_மாமா:
தம்பி, எக்ஸாம்ல சிலிக்கான் கதைய எழுதிட்டு வாங்க, சார் முழிக்கட்டும்.