லூடரிட்ஸ் வாய்க்காலில் விண்ட்சர்ஃபிங்: மும்பையிலிருந்து போகலாமா?

கேள்வி (மாட்டுங்கா)

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக மும்பைக் கடலில் விண்ட்சர்ஃபிங், அதாவது பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றால் ஓடும் விளையாட்டு, செய்து வருகிறேன். ஜிபிஎஸ் கருவியில் இதுவரை பதிவான என் உச்ச வேகம் 27 நாட் (மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்). அதைத் தாண்ட முயலும்போதெல்லாம் அலையில் பலகை துள்ளி, பாய் என் கட்டுப்பாட்டை மீறிவிடுகிறது. நமீபியப் பாலைவனக் கரையில், லூடரிட்ஸில் வேகத்திற்கென்றே வெட்டப்பட்ட வாய்க்காலில், 2015ஆம் ஆண்டு பிரெஞ்சு விண்ட்சர்ஃபிங் வீரர் ஆந்துவான் அல்போ 500 மீட்டரைச் சராசரி 53.27 நாட் வேகத்தில் கடந்தார் என்று அறிந்த நாள் முதல் அங்கே போக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. நவம்பரில் மூன்று வாரம் விடுப்பு கிடைக்கும். என் நிலையில் இருப்பவருக்கு அந்தப் பயணம் பயன்படுமா?

மறுமொழி 1 (செம்பூர்)

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வாய்க்காலின் கரையில் இரண்டு வாரம் இருந்தேன். நீங்கள் குறிப்பிட்ட வேகம் மணிக்கு ஏறக்குறைய 99 கிலோமீட்டர். 500 மீட்டர் பதினெட்டு விநாடியில் முடிந்துவிடுகிறது. வெயிலில் காயும் நமீப் பாலைவனத்திற்கும் பெங்குவேலா நீரோட்டத்தால் குளிர்ந்து கிடக்கும் கடலுக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடு அங்கே வீசும் தென்காற்றுக்கு வலுவூட்டுகிறது. அந்தக் காற்று குறுகிய வாய்க்காலைச் சாய்வாகக் கடப்பதால், அலை எழும்புவதற்கு வேண்டிய நீர்ப்பரப்பே அதற்குக் கிடைப்பதில்லை. வேகத்தின் இரகசியம் அந்தத் தட்டையான நீர்தான். அதே காரணத்தால் ஆபத்தும் பெரிது. கைப்பிடி தவறினால் நீங்கள் விழப்போவது நீரில் அன்று, இறுகிய மணற்கரையில். தலைக்கவசமும் நெஞ்சுக்கவசமும் இல்லாமல் ஒருவரும் இறங்குவதில்லை.

நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில் இறங்கினால் சாலை வழியாக ஏறக்குறைய 800 கிலோமீட்டர் போக வேண்டும். கடைசிப் பகுதியில் மணல் சாலையின் குறுக்கே ஓடும். கார்க் கண்ணாடி ஒரே பிற்பகலில் மங்கிவிடும். வாடகைக் காரின் காப்பீட்டில் மணற்புயல் சேதம் பெரும்பாலும் சேராது என்பதால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். இன்னொன்றையும் அனுபவத்தில் சொல்கிறேன்: மாஸ்ட்டின் (பாயைத் தாங்கும் கம்பத்தின்) இரு துண்டுகளும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். நான் முதல் நாள் அதைச் செய்யாததால் நுண்மணல் உள்ளே புகுந்து, மாலையில் இருவர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தும் துண்டுகள் பிரியவில்லை.

27 நாட்டில் தடுமாறும் ஒருவரை அந்த வாய்க்காலுக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பழகும் இடம் அன்று.

மறுமொழி 2 (வாஷி)

செம்பூர் நண்பர் சொல்வதே சரி. பாலைவனக் காற்றும் தட்டையான நீரும்தான் தேவை என்றால் எகிப்தின் சினாய் கரையில் உள்ள தஹாபுக்குப் போங்கள். மணல்திட்டு அணைத்து நிற்கும் காயலில் வடகாற்று திட்டைத் தாண்டி வருவதால், அதை ஒட்டிய நீர் ஏறக்குறைய அலையின்றிக் கிடக்கும். பலகையும் பாயும் அங்கேயே வாடகைக்குக் கிடைப்பதால், இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பலகையை விமானத்தில் ஏற்றும் தொல்லையும் செலவும் இல்லை. காற்றுக்குக் குறுக்காக ஓடிப் பழகிய நாம், காற்று பின்புறம் சாய்ந்து வரும் கோணத்திற்குப் பலகையைத் திருப்பி, அப்போது கூடும் இழுவையைப் பயமின்றித் தாங்கக் கற்க வேண்டும். 35 நாட்டைத் தாண்ட எனக்கு அங்கே இரண்டு பயணங்கள் தேவைப்பட்டன.

மறுமொழி 3 (முலுண்டு)

அதற்கும் முன்னால் இராமேஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். கோடையில் கச்சான் (தென்மேற்குக்) காற்றும் பனிக்காலத்தில் வாடையும் வீசுவதால் தீவின் ஏதாவது ஒரு பக்கத்தில் ஆழம் குறைந்த அமைதியான நீர் கிடைக்கும். ஊர்க்காரர்களின் வலைகள் எங்கே கிடக்கின்றன என்று மீனவர்களிடம் கேட்டுக்கொண்டே இறங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நவம்பர் விடுப்பைத் தஹாபுக்கு மாற்றிக்கொள்கிறேன். வாஷி நண்பர் அங்கே பயன்படுத்திய பாயின் அளவையும் ஃபின்னின் (பலகையின் அடியில் பொருத்தும் துடுப்பின்) நீளத்தையும் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும். என் எடை 68 கிலோ.