மறு: "சுயேச்சை" போதாதா? வானவர் கட்டுரைக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வானவர்களுக்கு, அதாவது தேவதூதர்களுக்கு, free will உண்டா என்ற நம் கட்டுரைக்கு அந்த ஆங்கிலச் சொல்லின் தமிழைத் தேடுகிறோம். "சுயேச்சை" போதும் என்று வந்த மடலுக்கு என் பதில்:

> சுய + இச்சை = சுயேச்சை. பொருள் அப்படியே பொருந்துகிறது. புதுச்சொல் எதற்கு?

பொருள் பொருந்துகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் "வானவர்கள் சுயேச்சையானவர்களா?" என்று தலைப்பு வைத்தால் படிப்பவர் மனத்தில் வானவர் ஜிப்ரீல் வரமாட்டார், தையல் இயந்திரச் சின்னத்தில் நிற்கும் வேட்பாளர்தான் வருவார். சுயாதீனத்துக்கும் இதே கதி. இலங்கை நண்பர்களுக்கு அது ஆணைக்குழுவோடு ஒட்டிப்போன சொல். தன்னிச்சை இன்னும் மோசம். "தன்னிச்சையாக முடிவெடுத்தார்" என்றால் யாரையும் கேட்காமல் எடுத்தார் என்ற புகார். "கதவு தன்னிச்சையாகத் திறந்தது" என்றால் கதவுக்கு மனமே கிடையாது. எதை நம்பி எழுதுவது?

மனிதரைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் இவற்றில் எதை வைத்தாலும் ஒப்பேற்றிவிடலாம். நம்மிடம் விருப்பம், சபலம், தேர்ந்தெடுப்பு எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடக்கின்றன. வானவர் விஷயத்தில் அவை தனித்தனியாகப் பிரிகின்றன. சிக்கலே அங்குதான்.

இஸ்லாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குர்ஆன் 66:6 நரகத்தின் காவலர்களான மலக்குகளைப் (வானவர்களைப்) பற்றிப் பேசும்போது, இறைவன் ஏவியதற்கு அவர்கள் மாறு செய்வதில்லை, ஏவியதைச் செய்கிறார்கள் என்கிறது. இதை வைத்து அவர்களைச் சாவி கொடுத்த பொம்மைகள் என்று எழுதிவிட முடியுமா? 2:30இல் அவர்களே இறைவனிடம் கேட்கிறார்கள்: பூமியில் குழப்பம் செய்து இரத்தம் சிந்துபவரையா ஆக்கப்போகிறாய்? பொம்மை கேள்வி கேட்காது. அறிவு இருக்கிறது, கேள்வி இருக்கிறது, மீறல் இல்லை. மீறிய இப்லீஸை, அதாவது சாத்தானை, 18:50 ஜின் என்ற வேறோர் இனத்தவன் என்கிறது. குர்ஆனுக்கு விளக்கம் எழுதியவர்களில் அவனை வானவர் கூட்டத்தில் சேர்த்தவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் இப்போது போகவேண்டாம்.

யூத மரபில் எனக்குப் பிடித்த இடம் தல்மூத் என்ற யூதச் சட்ட, விளக்க நூலின் ஷப்பாத் பகுதியில், 88, 89ஆம் ஏடுகளில் வருகிறது. தோராவை, அதாவது இறைவனின் சட்டத்தை, வாங்க மோசே மேலே போகிறார். இதை மனிதனுக்கா கொடுப்பது என்று வானவர்கள் தடுக்கிறார்கள். மோசே வக்கீல் மாதிரி திருப்பிக் கேட்கிறார்: நீங்கள் எகிப்தில் அடிமையாக இருந்தீர்களா? உங்களுக்குள் பொறாமை உண்டா? தீய நாட்டம் உண்டா? அவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். கவனியுங்கள், இங்கே இல்லாதது விருப்பம் அல்ல. வழக்காடும் அளவுக்கு விருப்பம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் இழுக்கும் நாட்டம்தான் இல்லை. ஆனால் இடைக்கால யூத மெய்யியலாளர் மைமோனிடீஸ் தம் வழிகாட்டி நூலின் இரண்டாம் பாகம், 7ஆம் அதிகாரத்தில், வானவர்கள் தம் செயலை அறிந்தே செய்கிறார்கள், தேர்ந்தே செய்கிறார்கள், ஆனால் நாம் தேர்வதைப் போல அல்ல என்கிறார். ஒரே மரபுக்குள்ளேயே இரண்டு குரல்.

கிறித்தவம் வேறு பாதை. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, பேய்கள் நல்லவையாகவே படைக்கப்பட்டுத் தாமாகவே கெட்டன என்று அறிவித்தது. பைபிளில் உள்ள யூதா நிருபத்தின் தமிழ்ப் பெயர்ப்பும் தங்களுக்குரிய வாசஸ்தலத்தை "விட்டுவிட்ட தூதர்கள்" என்றுதான் சொல்கிறது. துரத்தப்பட்டவர்கள் அல்லர், விட்டுவிட்டவர்கள். இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் கணக்கில், அறிவு இருக்கும் இடத்தில் தேர்வும் உண்டு. வானவரிடம் அது நம்மிடம் இருப்பதைவிட மேலானது. ஆனால் ஒருமுறை தேர்ந்தால் தேர்ந்ததுதான். நமக்குப் புதிதாக ஒன்று தெரியவருகிறது, மனம் மாறுகிறோம். ஒரே பார்வையில் முழுதும் கண்டவருக்கு மனம் மாற என்ன காரணம் மிச்சம் இருக்கும்? மனிதருக்குச் சாவு எப்படியோ, வானவருக்கு வீழ்ச்சி அப்படி என்று தமஸ்குவின் யோவான் என்ற இன்னோர் இறையியலாளர் அவருக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

இப்போது மூன்று மொழிகளின் மூலச்சொற்களைப் பாருங்கள். இலத்தீனில் ஆர்பித்ரியும்: நடுவரின் தீர்ப்பு. எபிரேயத்தில் பெஹிரா: தேர்ந்தெடுத்தல். அரபியில் இக்தியார்: நல்லதைத் தேர்தல். எதிலும் இச்சை இல்லை! ஆங்கிலச் சொல்லைப் பார்த்துக்கொண்டு இச்சை, சித்தம், விருப்பு என்று நாம்தான் அலைந்துகொண்டிருக்கிறோம்.

ஆகவே "தெரிவு" என்பதை அடிச்சொல்லாக வைக்கலாம் என்பது என் எண்ணம். தெரிந்துசெயல்வகை என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆராய்ந்து தேர்வது என்ற பொருள் நமக்குப் புதிதல்ல. தன் + தெரிவு என்று சேர்த்துப் பார்த்தேன். புணர்ச்சியில் "தற்றெரிவு" ஆகிறது. வேண்டாம், பல் உடையும். தெரிவு + ஆண்மை = தெரிவாண்மை. இறையாண்மை, மேலாண்மை போல.

பொருத்திப் பார்க்கிறேன். "மலக்குகளுக்கு அறிவு உண்டு, மீறும் தெரிவாண்மை இல்லை என்பது இஸ்லாமியரிடம் பரவலான கருத்து." "அக்குவினாஸின் வானவருக்குத் தெரிவாண்மை உண்டு, மறுதெரிவு இல்லை." இரண்டும் நிற்கின்றன. சொல் எந்தக் கட்சியிலும் சேராமல் இருக்கிறது.

அன்புடன்.

—

> தெரிவாண்மை

தம்பி, தெரிவு என்றதும் எனக்குத் "தெரியும்"தான் காதில் விழுகிறது. ஆண்மையும் இடிக்கிறது. தெரிவுரிமை என்றால் என்ன குறை?

—

அக்கா, "தெரிவு செய்யப்பட்டார்" என்பது இலங்கையில் அன்றாடச் செய்தித் தமிழ். தமிழ்நாட்டுக் காதுக்கும் பழகிவிடும் என்று நினைக்கிறேன். உரிமை என்றால் யாரோ கொடுத்தது, மீறினால் முறையிடலாம் என்ற சட்ட வாசம் வருகிறது. இங்கே பேசுவது திறனைப் பற்றி. ஆண்மை இடிப்பது உண்மைதான். ஆனால் இறையாண்மையைப் படிக்கும்போது இப்போது யாருக்கும் ஆண் நினைவு வருவதில்லையே.

—

சரி, அரைமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையில் போட்டுக்கொள். ஆனால் குர்ஆன் 2:102இல் வரும் ஹாரூத், மாரூத் என்ற இரு வானவர்களைப் பற்றிய பத்தியை இன்னும் நீ தொடவில்லை. "நாங்கள் ஒரு சோதனையே" என்று எச்சரித்துவிட்டே சூனியம் கற்பிக்கிறார்கள். அவர்கள் வழுவினார்கள் என்று கதை சொல்பவர்களும் உண்டு, அது கட்டுக்கதை என்று தள்ளுபவர்களும் உண்டு. அந்தப் பத்தியை இந்தச் சொல்லை வைத்து எழுதி நாளைக்கு அனுப்பு, பார்க்கலாம்.