டிசம்பர் 12 நாயன இரவு: மல்லாரியில் தொடங்கலாமா, தோடியிலா?

குத்தாலத்துக்காரன்:

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்தும் இணைய வானொலியில் ராத்திரி எட்டு மணிக்கு வழக்கமாகப் பழைய திரைப்பாட்டுதான் போகும். வரும் கார்த்திகைக் கடைசியிலிருந்து தை முடியும்வரை, நம்ம காவேரிக்கரைப் பாட்டையும் மேளத்தையும் வைத்துச் சில சிறப்பு நிகழ்ச்சிகள் தரப்போகிறோம்.

பாதி முடிவாகிவிட்டது. மார்கழியில் தினமும் விடியற்காலை நாலரைக்குத் திருவெம்பாவை, திருப்பள்ளியெழுச்சி. பொங்கலை ஒட்டி நடவுப் பாட்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் குலவையோடு பாடியதைச் சம்பா நடவின்போது வரப்பில் நின்றே பதிவு செய்திருக்கிறேன். சேற்றிலிருந்து காலை எடுக்கும் சத்தம்கூட விழுந்திருக்கிறது. திருவையாறு தியாகராஜர் ஆராதனை அன்று அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லோரும் நேரலையாகத் தருவார்கள். அதனால் நாங்கள் பெங்களூர் நாகரத்தினம்மாவைப் பற்றிப் பேசப்போகிறோம். தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினவர். அங்கே பெண்கள் பாடக்கூடாது என்று ஒதுக்கியபோது, பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினவர்.

சிக்கல் டிசம்பர் 12இல்தான். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்த நாள் அது. அன்று ராத்திரி எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நாயனம், அதாவது நாதஸ்வரம் மட்டும். எங்களில் ஒருவர், "பிள்ளை என்றாலே தோடி ராகம். முதலில் தோடி போட்டால்தான் ஆள் நிற்கும். எதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

காரணம் ஒரு கேசட். 1984இல் பக்கத்து ஊர்த் திருவிழாவில் எங்கள் தாத்தா தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பிடித்தது. தெற்குவீதி முனையில் சாமி நிற்கிறது. நாயனக்காரர் சீவாளியை, அதாவது ஊதும் நாணல் முனையை, வாயில் வைத்து நனைத்து, இரண்டு தரம் ஊதிப் பார்க்கிறார். அப்புறம் தோடி. நடுவில் ஒரு குழந்தை அழுகிறது, யாரோ சைக்கிள் மணி அடிக்கிறார், தோடி பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகிறது. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் 'டக்'கென்று பக்கம் முடிகிறது. தாத்தா திருப்பிப் போடுவதற்குள் ஒரு பிடி போய்விட்டது. மறுபக்கம் தொடங்கும்போது நாயனம் மேல் ஸ்தாயியில் நிற்கிறது. எப்படி அங்கே ஏறினார் என்பதைக் கேட்க முடியவில்லையே என்று இருபது வருடமாக எனக்கு ஒரு குறை. இதைப் போய் ஐந்து நிமிடமாக வெட்டுவதா?

முதலில் எதைப் போடலாம், கேசட்டை முழுசாகப் போடலாமா, சொல்லுங்கள்.

தவில்வீட்டுப் பிள்ளை:

தம்பி, சாமி புறப்படாமல் தோடி எப்படி வரும்? கோயிலில் எந்த வரிசையோ அதே வரிசையில் போடுங்கள்.

முதலில் தவிலில் அலாரிப்பு என்கிற தொடக்க வாசிப்பு. அப்புறம் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி, கம்பீரநாட்டை ராகத்தில். அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள் கிடையாது, ஆனால் ஊருக்கே அர்த்தம் தெரியும். எங்கள் பாட்டி அடுப்படியில் இருந்தபடியே காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தளிகை வந்துட்டு, தட்டை எடு" என்பாள். வீதியில் ராகம், நடுவே ரக்தி. ரக்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மிஸ்ர சாபு தாளத்தில் நாயனமும் தவிலும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் அந்தச் சரக்கு, நாயனமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்துக்கே சொந்தம். இப்போது ரொம்பவும் அருகிவிட்டது. கடைசியில் அர்த்தஜாமம், பள்ளியறை, நீலாம்பரி ராகம். நாலு மணி நேரம் தானாக நிரம்பிவிடும்.

நடுவில் பேசித்தான் ஆகவேண்டும் என்றால் நரசிங்கம்பேட்டையைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் ஊருக்கு அடுத்த ஸ்டேஷன்தானே. சுருதி குறைந்த, நீளமான நாயனம் வேண்டும் என்று பிள்ளை கேட்க, அங்கே ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்ததுதான் இன்றைக்கு எல்லோரும் வாசிக்கும் பாரி நாயனம். இடித்த வீட்டு உத்தரத்திலும் தூணிலும் காய்ந்து கிடந்த பழைய ஆச்சா மரமாகப் பார்த்து வாங்கிக் கடைவார்கள். 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். வாசிப்பு நடுவில் எதையும் நுழைக்காதீர்கள். என் அப்பா வாசித்த பதிவை ஒரு வானொலியில் போட்டபோது, தவில் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவே விளம்பரம் வந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மன்னார்குடி குவைத்:

அண்ணே, நாயன ராத்திரிக்கு நாங்கள் தயார். உங்களுக்கு எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை, வேலை முடிந்து அறைக்கு வந்துவிடுவோம். மார்கழி நிகழ்ச்சிதான் உதைக்கிறது. உங்கள் நாலரை எங்களுக்கு ராத்திரி இரண்டு மணி. அதையே உங்கள் நேரம் ஏழரைக்கு மறுபடியும் போட்டால் இங்கே காலை ஐந்து. அறையில் ஆறு பேரும் குளித்துக் கிளம்பும் நேரம். ஒருவர் போனில் வைத்தால் எல்லோருக்கும் கேட்கும். மார்கழிப் பனியில் கோயில் ஒலிபெருக்கி கேட்டு எழுந்த பிள்ளைகள் நாங்கள். அதைத் தவறவிட்டு எட்டு வருடமாகிறது.

128 கேபிபிஎஸ் தரத்தில் மட்டும் ஒலிபரப்பினால் எங்கள் டேட்டா மணிக்கு 58 எம்பி போகும். 64இல் ஒன்று கூடவே கொடுங்கள், அதில் பாதிதான்.

நாகூர் அலைவாய்:

திட்டத்தில் எங்கள் ஊர் இல்லையே சகோதரா? பாடகர் நாகூர் ஹனீபாவுக்கு ஒரு ராத்திரி வேண்டும். 2015இல் மறைந்தார், இன்றைக்கும் எங்கள் தெருவில் அந்தக் குரல் கேட்காத நாளில்லை. காவேரிக்கரை என்று சொல்லிவிட்டு, ஆறு கடலில் சேரும் பக்கத்தை விட்டால் எப்படி?

ஒலிக்கூடம்:

மன்னார்குடித் தம்பி சொன்ன 64ஐ மோனோவாகக் கொடுங்கள். பழைய பதிவெல்லாம் மோனோதான். ஸ்டீரியோவாக்கி அனுப்பினால் பாதி வீண். சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதியை அன்று ஒருநாள் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தவில் ஓங்கி விழும் ஒவ்வொரு அடிக்கும் நாயனம் அமுங்கி அமுங்கி எழும், கேட்கச் சகிக்காது. இன்னொன்று: சத்தம் நின்றால் அடுத்த பாட்டுக்குத் தாவும்படி வைத்திருப்பீர்கள். உங்கள் கேசட்டில் பக்கம் மாறும் இடத்தில் அது ஏதாவது திரைப்பாட்டுக்குத் தாவிவிடப்போகிறது, ஜாக்கிரதை.

உரிமை விஷயம். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் வெளிவந்த இசைத்தட்டுகளுக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் வாசித்தவரின் உரிமை 50 வருடம். 1984க்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அந்த வீட்டாரைக் கேட்காமல் கேசட்டைப் போடாதீர்கள். சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை.

குத்தாலத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மல்லாரியில்தான் தொடங்குகிறோம். ஐந்து நிமிடக் கணக்கு போயே போச்சு. தவில்வீட்டு அண்ணன் எழுதியதைப் படித்ததும் நண்பரே விட்டுக்கொடுத்துவிட்டார். திருவெம்பாவை ஏழரைக்கு மறுபடியும் உண்டு. நாகூர்ச் சகோதரரே, விட்டது எங்கள் தப்பு. ஹனீபாவுக்குத் தையில் ஒரு சனிக்கிழமை ஒதுக்கியாயிற்று, பாட்டுகளைத் தேர்ந்தெடுக்க நீங்கள்தான் வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நாயனக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் காலமாகிப் பத்து வருடம் ஆகிறதாம். மகன் இருக்கிறார், அவரும் நாயனம். திண்ணையில் உட்கார்ந்து கேசட்டை முழுசாகக் கேட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கம் முடிந்து 'டக்' என்றதும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா இங்கேயிருந்து இப்படி இறங்கி, காந்தாரத்திலே நின்னுட்டுத்தான் மேலே போவார்" என்று வாயாலேயே பாடிக் காட்டினார். அரை நிமிடம் இருக்கும். மறுபக்கத்தைப் போட்டேன். நாயனம் அங்கேதான் நின்றது.

அனுமதியைக் கையெழுத்தோடு கொடுத்தார், பிரதி ஒன்று மட்டும் கேட்டார். அவர் பாடியதையும் போனில் பிடித்துக்கொண்டேன். கேசட்டோடு ஒட்டப்போவதில்லை. தோடி அந்த இடைவெளியோடு முழுசாகப் போகும், முடிந்த பிறகு அவர் குரல் தனியாக வரும். தோடி தொடங்க ராத்திரி ஒன்பதரை வாக்கில் ஆகும், கேளுங்கள்.