பழைய டிரேடிங் கார்டுகளில் மெழுகு, பசை, நீர்க்கறை: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி

ஒரே கட்டாக வந்த பழைய பேஸ்பால் கார்டுகள். நாலு விதமான கறை இருக்கு.

1970களின் டாப்ஸ் (அமெரிக்கக் கார்டு நிறுவனம்) கார்டுகள் சிலவற்றில் முன்பக்கத்தை விளக்குக்கு எதிரே சாய்த்தால் மங்கலான கோடுகள் தெரியுது, விரல் வைத்தால் வழுக்குது. அதே வகையில் இன்னொரு கார்டு: பின்பக்கம் எண்ணெய் பட்டதுபோலக் கருத்த திட்டு, ஆனால் கையில் ஒன்றும் ஒட்டவில்லை. மூன்றாவது, டி206 என்ற பழைய சிகரெட் பொட்டலக் கார்டுத் தொடரிலிருந்து இரண்டு. ஆல்பத்திலிருந்து பிய்த்தவை, பின்னால் கறுப்புத் தாள் ஒட்டியே இருக்கு. கடைசியாக, ஒரு டாப்ஸ் கார்டின் மூலையில் பழுப்பு ஓரத்தோடு நீர்க்கறை, பின்னால் பென்சிலில் எழுதிய ஒரு எண்.

கையில் இருப்பவை ரப்பர், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு, இஸ்திரிப் பெட்டி. இதில் எது உதவும்? சிலவற்றை பிஎஸ்ஏ என்ற நிறுவனத்துக்கு கிரேடிங் (தர மதிப்பீடு) அனுப்பும் யோசனையும் இருக்கு.

காகிதவைத்தியர்

ரப்பரைத் தவிர மற்ற மூன்றையும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

ஆல்கஹால் மேற்பூச்சை மங்க வைக்கும், சில மைகளைக் கரைக்கும். பெராக்சைடு அட்டையை வெளுக்கும். மரக்கூழ் அட்டை வயதாகும்போது பழுப்பாவது இயல்பு. அதன் நடுவே ஒரு திட்டு மட்டும் வெள்ளையாக நின்றால் கறையைவிட அதுதான் கண்ணை உறுத்தும். நார்களும் பலவீனமாகும். வெளுத்த கார்டை கிரேடிங் நிறுவனங்கள் 'துப்புரவு செய்த தடயம்' என்று ஒதுக்கிவிடும். பிஎஸ்ஏவில் அதற்கு என்7 என்று தனிக் குறியீடே உண்டு. கறை இருக்கிற கார்டுக்கு மதிப்பெண்ணாவது கிடைக்கும், அதோடு 'எஸ்டி' (கறை உண்டு) என்ற குறிப்புச் சேரலாம். வெளுத்த கார்டுக்கு அதுவும் கிடையாது.

முதல் கார்டுகளில் இருப்பது மெழுகு. அந்தக் காலப் பொட்டலம் மெழுகுத்தாள். மடிப்பைச் சூடுபடுத்தித்தான் ஒட்டுவார்கள், அப்போது உருகும் மெழுகு பக்கத்தில் இருக்கும் கார்டில் இறங்கும். பூச்சு உள்ள முன்பக்கமென்றால் மெழுகு மேலேயே நின்றுவிடும், அதனால் எடுக்கலாம். பூச்சில்லாத பின்பக்கமென்றால் அட்டை குடித்துவிடும். உங்கள் இரண்டாவது கார்டு அப்படித்தான்.

முன்பக்கத்துக்குச் சுத்தமான நைலான் ஸ்டாக்கிங் போதும், திரவம் எதுவும் வேண்டாம். கார்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் வையுங்கள். முதலில் மென்தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள், மணல் துகள் ஒன்று மாட்டினாலும் பூச்சு முழுக்கக் கீறல் விழும். ஸ்டாக்கிங்கை ஆள்காட்டி விரலில் இழுத்துக் கட்டி, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். பத்துப் பன்னிரண்டு வட்டத்துக்கு ஒருமுறை துணியின் புது இடத்துக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் எடுத்த மெழுகையே திரும்பப் பூசுவீர்கள். ஓரத்துக்கு வரும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தேய்க்க வேண்டும். உள்நோக்கி வந்தால் நைலான் மூலையில் மாட்டி வெள்ளை நார் எழும்பிவிடும். விளக்கில் சாய்த்துப் பார்த்துக் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள்.

பின்பக்கத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சொரசொரப்பான சாம்பல் அட்டையில் நைலான் நாரைத்தான் கிளப்பும்.

மெழுகுத்தாள்

இரண்டாவது கார்டுக்கும் வழி இருக்கிறது. பாரஃபின் மெழுகு சுமார் 50 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். மேலும் கீழும் ஒற்றுத்தாள் வைத்து, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைச் சில விநாடி வைத்தால் தாள் மெழுகை உறிஞ்சும். தாளை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

காகிதவைத்தியர்

உறிஞ்சும், மறுக்கவில்லை. உருகிய மெழுகு ஒற்றுத்தாளுக்கு மட்டும் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்பதுதான் சிக்கல். அட்டைக்குள்ளேயே பக்கவாட்டிலும் பரவும். சிறிய, கருத்த திட்டு பெரிய, வெளிறிய திட்டாக மாறும். கறை கருப்பாகத் தெரிவதற்கே காரணம், நார்களுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் மெழுகு நிரம்பி ஒளி ஊடுருவுவதுதான். பாதி மெழுகு போனாலும் மீதி அங்கேயே நிற்கும், அட்டை பழைய நிறத்துக்குத் திரும்பாது. மறுபக்கம் பூச்சு வேறு இருக்கிறது. சூட்டில் அது இளகித் தாளோடு ஒட்டினால் படமே போச்சு.

நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானும் இதே கதைதான். மெழுகைக் கரைக்கும், கரைத்ததை அட்டைக்குள் இன்னும் தள்ளும். எளிதில் தீப்பிடிக்கும் திரவம் வேறு. பின்பக்க மெழுகை அப்படியே விடுவதுதான் என் கருத்து.

மெழுகுத்தாள்

மதிப்பில்லாத, அடிக்கடி கிடைக்கும் கார்டென்றால் சூட்டைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. விலையுள்ள கார்டுக்கு நானும் சொல்லமாட்டேன்.

ஓரம்வெள்ளை

டி206 பற்றி.

இவை 1909 முதல் 1911 வரை சிகரெட் பொட்டலங்களோடு வந்த கல்லச்சுக் கார்டுகள். எண்ணெய் அடிப்படை மை, தண்ணீரில் கரையாது. ஆல்பங்களில் அப்போது மாவுப் பசையால் ஒட்டியது அதிகம். அது தண்ணீரில் ஊறி இளகும். அதனால் வெறும் தண்ணீரில் ஊற வைப்பது இந்தக் கார்டுகளுக்கு வழக்கமான முறை. தண்ணீர் எதையும் மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும் என்பதால் சேகரிப்பாளர்கள் பலர் இதை ஏற்கிறார்கள். ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், ஆகவே விற்கும்போது ஊற வைத்ததைச் சொல்லிவிடுவதே முறை.

முதலில் சோதனை. பஞ்சுமுனையை காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, படத்தின் ஒவ்வொரு நிறத்திலும் அரை நிமிடம் தேய்க்காமல் ஒற்றுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். யாராவது பேனாவால் எழுதியிருந்தாலோ ரப்பர் முத்திரை குத்தியிருந்தாலோ அதுவும் கலங்கும். தங்க ஓரமுள்ள டி205 கார்டை இதே மாதிரி நினைத்து ஊற வைக்காதீர்கள். அதன் ஓரம் உலர்ந்திருக்கும்போதே உதிரும்.

தட்டையான பாத்திரத்தில் 3 செ.மீ. ஆழத்துக்கு காய்ச்சி வடித்த நீர், அறை வெப்பம். குழாய் நீர் வேண்டாம், அதிலுள்ள இரும்பும் உப்பும் அட்டையில் தங்கும். கார்டை முழுவதுமாக மூழ்கடியுங்கள். பாதி நனைந்தால் நனைந்த எல்லையில் புதுக் கறைக்கோடு விழும். அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். கறுப்புத் தாள் சாயம் விடும், நீர் கலங்கியதும் மாற்றுங்கள்.

தாளை உரிக்கவே கூடாது. பசை இளகியதும் விரல் நுனியால் தள்ளினால் தானாக நழுவும். அதன் பிறகும் வழவழப்பு இருந்தால் அதுதான் மிச்சப் பசை. மென்தூரிகையால் தடவி, புதிய நீரில் அலசுங்கள். அதை விட்டுவிட்டால் உலரும்போது ஒற்றுத்தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

ஈர அட்டைக்கு வலுவே கிடையாது. இடுக்கியால் மூலையைப் பிடித்துத் தூக்கினால் மூலை இடுக்கியிலும் கார்டு தண்ணீரிலும் இருக்கும். கீழே பாலியஸ்டர் தாளைச் செருகி அதோடு தூக்குங்கள்.

உலர்த்துவதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் 15 நிமிடம் இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே, எடை இல்லாமல். பிறகு புதிய தாள்கள், மேலே கண்ணாடி, ஒரு கிலோ அளவு எடை. அடுத்த அரை மணியில் ஒரு மாற்றம், இரண்டு மணி கழித்து இன்னொன்று, அப்புறம் காலை மாலை. ஒரு வாரம் அழுத்தத்திலேயே இருக்கட்டும். சொதசொத ஈரத்தில் பெரிய எடை வைத்தால் ஒற்றுத்தாளின் சொரசொரப்பு கார்டில் அச்சாகப் பதியும். எடையே வைக்காமல் காயவிட்டால் அப்பளம் போல வளையும்.

கேட்டவர்

ஒரு டி206 இப்போது தண்ணீரில்தான் இருக்கு. சோதனையில் நிறம் ஏறவில்லை. 40 நிமிடம் ஆச்சு, நீர் ஒருமுறை மாற்றியாச்சு. கறுப்புத் தாளில் பாதி நழுவி வந்துவிட்டது, மீதி நகரவே இல்லை. லேசாக இழுக்கலாமா?

ஓரம்வெள்ளை

இழுக்காதீர்கள். அந்தப் பாதியோடு பின்பக்க விளம்பர அச்சும் உரிந்து வரும். இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள், ஊறுவதால் கெடுதல் இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் அந்தப் பகுதியில் வஜ்ஜிரப் பசையாக (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சுவது) இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள். அதிலும் அசையாவிட்டால் ரப்பர் பசைபோல நீரில் கரையாத ஏதோ ஒன்று. கறுப்புத் தாளின் மேல் அடுக்குகளை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு, கடைசிப் படலத்தை விட்டுவிடுங்கள். மெல்லிய கறுப்புப் படலம் இருப்பது, அச்சு உரிந்த வெள்ளைக் குழியைவிட எவ்வளவோ மேல்.

கேட்டவர்

சரிங்க, விட்டுவிடுகிறேன். நீர்க்கறை உள்ள டாப்ஸ் கார்டையும் இப்படியே முழுக்க ஊற வைத்தால் அந்தப் பழுப்புக் கோடு போகுமா?

காகிதவைத்தியர்

வேண்டாம். அதில் ஒரு பக்கம் பூச்சு, மறுபக்கம் வெறும் அட்டை. இரண்டும் ஒரே அளவில் நீர் குடிக்காது, அதனால் சுருளும். பூச்சு ஊதிப் பளபளப்பு போகும், அடுக்குகள் மூலையில் பிரியவும் தொடங்கும். அந்தக் கோடு, நீர் பரவியபோது அட்டைக்குள்ளிருந்த பழுப்புப் பொருட்களை அடித்துச் சென்று நின்ற இடம். அங்கே மட்டும் நனைத்தால் கோடு கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி நிற்கும்.

பென்சில் எண்ணுக்கு வெள்ளை வினைல் ரப்பர், ஒரே திசையில், அழுத்தாமல். அச்சு எழுத்துக்கு மேல் போனால் எழுத்தும் மங்கும். கிராஃபைட் போனாலும் பென்சில் அழுத்திய பள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். கிரேடிங் செய்பவர்கள் பார்ப்பது அந்த வெளிச்சத்தில்தான்.

மெழுகுத்தாள்

வேலை முடிந்ததும் பிவிசி உறையில் போடாதீர்கள். அதிலிருந்து கசியும் மென்மையூட்டி கார்டைப் பிசுபிசுக்க வைக்கும். பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறை போதும். ஊற வைத்த கார்டை ஒரு வாரம் முடியுமுன் உறையில் அடைத்தால், வெளியே காய்ந்து உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கேட்டவர்

மூன்று மணி நேரம் கழித்துத் தாள் முழுசாக நழுவிவிட்டது. பின்பக்க அச்சு அப்படியே இருக்கு, நடுவில் மட்டும் லேசான கறுப்பு நிழல். இப்போது முதல் ஒற்றுத்தாள் மாற்றத்தில் இருக்கேன்.

ஓரம்வெள்ளை

அந்த நிழல் தாளின் சாயம் அட்டையில் ஏறியது. அதை எடுக்கப் போகாதீர்கள். அடுத்த மாற்றத்தில் மூலைகள் மேலே தூக்குகின்றனவா என்று பாருங்கள். தூக்கினால் எடையைக் கூட்ட வேண்டாம், கண்ணாடி கார்டின் நடுவில் சரியாக உட்காரும்படி நகர்த்தி வையுங்கள்.