ஊருக்குப் போனால் மட்டும் வருகிற இளைப்பு: உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு ஊர் கானாடுகாத்தான் பக்கம், பிழைப்பு சென்னையில். படைப்பு (முன்னோர்க்குப் படைக்கும் சடங்கு), கல்யாணம் என்று வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வீட்டைத் திறப்போம். போன மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் எழுப்பிவிடும், முகப்புத் திண்ணைக்கு வந்து குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சு கொஞ்சம் இறங்கும். ஊர்த் தண்ணி ஒத்துக்கலை என்பது ஆத்தாவின் தீர்ப்பு. கேன் தண்ணீர் வாங்கியும் பார்த்தாயிற்று. ஐந்து வருஷமாகப் போன இடமெல்லாம் ஆன்டிபயாடிக்கும் இருமல் சிரப்பும்தான். எங்கே, எப்போது வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கடைசியாகப் பார்த்த நெஞ்சு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்னாலேயே கால் மணி நேரம் கேள்வி கேட்டார். "வீட்டைத் திறந்த அன்னைக்கே வருதா, ரெண்டு நாள் கழிச்சா? எதுல படுக்கிறீங்க?" எதில் படுப்பது, இரண்டாங்கட்டு அறையில் ஐயா காலத்து இலவம்பஞ்சு மெத்தை, மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்தது, அதைத் தட்டித்தான் விரிப்போம்.

ஸ்பைரோமெட்ரி என்று நுரையீரல் வேலை செய்வதை அளக்கும் கருவியில் ஊதிப் பார்த்ததில் எல்லாம் நார்மல். சரி, ஆஸ்துமா இல்லை என்று நான் எழுந்துவிட்டேன். உட்காருங்க என்றார். இளைப்பு இல்லாத நாளில் ஆஸ்துமாக்காரருக்கும் நார்மலாகவே வருமாம். எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கச் சொல்லி, காலையும் மாலையும் மும்மூன்று தடவை ஊதி, அதிகமானதை மட்டும் நோட்டில் குறிக்கச் சொன்னார். சென்னையில் 480. ஊரில் முதல் நாள் 470, மூன்றாம் நாள் காலை 340. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை இழுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதினால் 440. அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததும்தான் ஆஸ்துமா என்று பெயர் வைத்தார்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்கும் தோல் டெஸ்ட் முதல் தடவை வீணாய்ப் போனது என் தப்பு. முந்தின ராத்திரி அலர்ஜி மாத்திரை செட்டிரிசின் போட்டிருந்தேன். ஒப்பிடுவதற்காக வைக்கும், எல்லாருக்கும் வீங்க வேண்டிய ஹிஸ்டமின் சொட்டுகூட வீங்கவில்லை. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி போனேன். முழங்கைக்குக் கீழே வரிசையாகச் சொட்டு வைத்து லேசாகக் குத்தினார்கள், இருபது நிமிஷத்தில், மெத்தைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிக்கு 7 மில்லிமீட்டர் தடிப்பு, இறாலுக்கு 4. ஐயோ, இறால் தொக்கும் போச்சா என்று கேட்டேன். இரண்டிலும் ஒரே மாதிரியான புரதம் இருக்கிறது, சாப்பிட்டு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார். அரிப்பு வந்தால் இரத்தத்தில் ஐஜிஈ (அலர்ஜியில் கூடும் புரதம்) டெஸ்ட் எடுத்து, அதை மட்டும் பார்த்து நண்டு, முட்டை, கத்தரிக்காய் என்று நிறுத்திக்கொண்டே போகிற சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய, அவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

இப்போது ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் தினமும். ஸ்டீராய்டு என்றதும் பயந்தேன், ஆனால் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நெஞ்சுக்குப் போவது அது. நல்லா இருக்கும்போது எதற்கு என்று நடுவில் நானே நிறுத்தி, அடுத்த பயணத்தில் பழையபடி திண்ணைக்கு வந்து சேர்ந்தேன். உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, எங்க அப்பத்தா கதையைக் கேளுங்க. 74 வயசு. இழுக்கிற மருந்து என்று கேப்ஸ்யூலும் அதைப் போட்டு இழுக்கிற கருவியும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாசமாகியும் கேட்கவில்லை, டாக்டர் டோஸைக் கூட்டினார், அப்பவும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் தற்செயலாகப் பார்க்கிறேன், அப்பத்தா கேப்ஸ்யூலை வாயில் போட்டு, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறார். வேளை தவறாமல் இரண்டு மாசமாக முழுங்கியிருக்கிறார். கருவி பிரிக்காத கவரோடு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில். "கொழுக்கட்டை அச்சுன்னு நெனச்சேன்டி" என்கிறார். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. பொடியை வேகமாக இழுக்க இந்த வயசில் தெம்பு போதாது என்று பிறகு ஸ்ப்ரே இன்ஹேலரை ஸ்பேசர் (அதோடு பொருத்தும் குழாய்ப் புட்டி) வைத்துக் கொடுத்தார்கள், அதில் மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்தால் போதும். முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும். இழுப்பதை எதிரே உட்கார்ந்து பாருங்கள், கேட்டால் எல்லாரும் ஒழுங்காகத்தான் போடுகிறேன் என்பார்கள்.

காரைக்குடியிலிருந்து, ஓய்வுபெற்ற நர்ஸ்:

என் அனுபவம் ஒன்று. சின்ன வயசில் இளைப்பு இருந்து, பிறகு முப்பது வருஷம் தொந்தரவே இல்லாத ஒரு பெரியவர் திடீரென்று மூச்சுத் திணறலோடு வந்தார். தூசு இல்லை, புகை இல்லை, சளி இல்லை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் ஒன்றுமில்லை என்கிறார். கூட வந்த ஆச்சிதான், "கண்ணுக்குச் சொட்டு விடுறாகளே, அதுவும் கணக்கா?" என்று கேட்டார். கண் அழுத்தத்துக்கு டிமோலால், ஆரம்பித்துப் பத்து நாள். கண்ணில் விடும் இந்தச் சொட்டு மூக்கு வழியே இறங்கி இரத்தத்தில் சேர்ந்து, இளைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். கண் டாக்டரிடம் பேசிச் சொட்டை மாற்றினோம், அதோடு சரியானது. டாக்டரிடம் போகும்போது சொட்டு, தைலம் என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

தம்பி, உங்க வீட்டு ஆத்தங்குடிக் கல் தரைக்கு ஈரத்துணி போதும், விளக்குமாற்றால் தூசியைக் கிளப்ப வேண்டாம். நீங்கள் வருவதற்கு முதல்நாளே ஆள்விட்டு அறையைத் திறந்து துடைக்கச் சொல்லுங்கள். அந்த மெத்தை?

மீண்டும் நான்:

மெத்தைதான் பஞ்சாயத்து. ஐயா படுத்ததாம், கொடுக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்கிறார்கள் ஆத்தா. இப்போதைக்கு அதை மேலறையில் வைத்துப் பூட்டிவிட்டு நான் பட்டாலையில் கோரைப்பாயில் படுக்கிறேன். போன தடவை மூன்றாம் நாள் காலை 450.