ஆர்ஐபி ஏன் மெதுவான சீரியல் லிங்கையே பிடித்துக்கொள்கிறது?

கேள்வி:
வணக்கம். லேபில் மூன்று சிஸ்கோ ரூட்டர்களை முக்கோணமாக இணைத்திருக்கிறேன். ஆர்1–ஆர்3 நேரடி சீரியல் லிங்க், 1.544 எம்பிபிஎஸ். ஆர்1–ஆர்2, ஆர்2–ஆர்3 இரண்டும் 100 எம்பிபிஎஸ் ஃபாஸ்ட் ஈதர்நெட். ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ள ஆர்ஐபி என்ற ரூட்டிங் புரோட்டோகாலின் வெர்ஷன் 2 ஓடுகிறது. ஆர்3-க்குப் பின்னால் உள்ள 192.168.3.0/24-க்குப் போவதெல்லாம் சீரியல் வழியாகத்தான் போகிறது, ஃபைல் காப்பி ஊர்கிறது. ஆர்1-இன் சீரியல் இன்டர்ஃபேஸில் பேண்ட்வித் 100000 (கேபிபிஎஸ், அதாவது 100 எம்பிபிஎஸ்) கொடுத்தும் பயனில்லை. வழிப்பட்டியலைக் காட்டும் ஷோ ஐபி ரூட் கட்டளையில் [120/1] என்று வருகிறது (இரண்டாவது எண் மெட்ரிக், அதாவது அந்த வழியின் தூர அளவு). என்ன செய்வது?

பதில் 1:
ஆர்ஐபிக்கு வேகம் தெரியாது தம்பி. நடுவே எத்தனை ரூட்டர் (ஒவ்வொன்றும் ஒரு ஹாப்) என்று மட்டும்தான் எண்ணும். சீரியலில் ஒரு ஹாப், ஆர்2 வழியாக இரண்டு, எனவே சீரியல். 15 ஹாப் வரைதான் போகும், 16 என்றால் எட்டாத இடம். ஓஎஸ்பிஎஃப் என்ற வேறு ரூட்டிங் புரோட்டோகாலைப் போட்டுப் பாருங்கள், அது வேகத்தை வைத்துக் காஸ்ட் (செலவு எண்) கணக்கிட்டு, குறைந்த காஸ்ட் உள்ள வழியை எடுக்கும்.

கேட்டவர்:
மூன்றிலும் ஓஎஸ்பிஎஃப் போட்டேன் அண்ணா. [110/2] என்று வருகிறது, ஆனால் இப்போதும் சீரியல்தான்!

பதில் 2:
அந்தப் பேண்ட்வித் வரிதான் காரணம். அது லிங்கின் நிஜ வேகத்தைக் கூட்டாது. ஓஎஸ்பிஎஃப் போன்றவற்றின் கணக்குக்கான எண் மட்டுமே. 100 எம்பிபிஎஸ்ஸை லிங்கின் பேண்ட்வித்தால் வகுத்தால் காஸ்ட். நீங்கள் கொடுத்த எண்ணால் சீரியலுக்கு 1, ஆர்3-இன் லேனுக்கு (192.168.3.0/24) 1, மொத்தம் 2. ஆர்2 வழியாக 3. நோ பேண்ட்வித் கட்டளை கொடுத்து அந்த எண்ணை நீக்குங்கள், சீரியலின் காஸ்ட் 64 ஆகிவிடும். ஆர்3-இலும் மாற்றியிருந்தால் அங்கேயும் நீக்குங்கள். ஒவ்வொரு ரூட்டரும் தான் வெளியே அனுப்பும் இன்டர்ஃபேஸின் காஸ்ட்டைத்தான் கூட்டும், அதனால் போகும் வழியும் திரும்பும் வழியும் வேறாகலாம்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது! இப்போது ஆர்2 வழியாக [110/3], காப்பி பறக்கிறது. ஒரு சந்தேகம்: ஆர்ஐபியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் மெட்ரிக் 1, இது 3. பெரிய எண் எப்படி ஜெயித்தது?

பதில் 2:
நல்ல கேள்வி. ஹாப் வேறு, காஸ்ட் வேறு. இரண்டையும் ரூட்டர் ஒப்பிடவே ஒப்பிடாது. ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு புரோட்டோகால் வழி சொன்னால், பார்ப்பது அடைப்புக்குள் முதலில் நிற்கும் எண்ணை. அதுதான் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், அதாவது எந்தப் புரோட்டோகாலை அதிகம் நம்புவது என்பதற்கான எண்; சிறியதே ஜெயிக்கும். 110, 120-ஐவிடச் சிறியது, அவ்வளவுதான். ஆனால் ஆர்ஐபி 192.168.3.0/26 என்று குறுகிய நெட்வொர்க்கைச் சொன்னால், அதற்குள் வரும் முகவரிகளுக்கு ஆர்ஐபி வழிதான். பாக்கெட்டை அனுப்பும்போது நீளமான பிரிஃபிக்ஸுக்குத்தான் (/24-ஐவிட /26 நீளம்) முதலிடம்.

பதில் 3:
பின்னாளில் கிகாபிட் லிங்க் சேர்த்தால் கவனம். 100 எம்பிபிஎஸ்ஸை வைத்து வகுப்பதால் கிகாபிட்டுக்கும் காஸ்ட் 1-தான் வரும். வகுக்கப்படும் அந்த 100-ஐ உயர்த்த, ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 10000 (எம்பிபிஎஸ் கணக்கில்) என்று மூன்று ரூட்டரிலும் ஒரே மாதிரி கொடுத்துவிடுங்கள்.